ஐ.எஸ்.எல்.லில் (இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பால்) நம்ம பையன் சென்டர் ஃபார்வர்டு ஆட வழியே இல்லையா?

கோத்தகிரி பி.டி. வாத்தியார்:
எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூட வேலை முடிந்ததும் காந்தி மைதானத்தில் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் ஒருத்தனுக்குப் பதினேழு வயது. அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. சென்டர் ஃபார்வர்டு, அதாவது முன்னால் நடுவில் நின்று கோல் அடிக்கிறவன். கோலுக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்குவான், பின்னால் நிற்கும் ஸ்டாப்பரை (நடு டிஃபண்டரை) உடம்பால் தடுத்துக்கொண்டே திரும்பி அடிப்பான். இந்த வயதில் இப்படி ஆடுகிற பையன் சுலபமாகக் கிடைக்க மாட்டான்.

போன மாதம் கீழே ஒரு அகாடமிக்கு செலக்‌ஷன் போனான். அங்கே இருந்த கோச், "வேகம் இருக்கு, ரைட் பேக் (வலது பக்க டிஃபண்டர்) ஆடுறியா, எடுத்துக்கிறேன். ஃபார்வர்டுன்னா மேல போனா உன்னை யாரும் தொட மாட்டாங்க, அது ஃபாரினர் இடம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பையன் அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை.

அந்தக் கோச் சொன்னதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. சீசனில் அதிக கோல் அடித்தவருக்குக் கொடுக்கும் கோல்டன் பூட்டையே பாருங்கள்: 2014-ல் எலானோ, 2015-ல் மென்டோசா, இருவரும் நம்ம சென்னையின் எஃப்.சி. டீம். அப்புறம் மார்செலினோ, கோரோ, வால்ஸ்கிஸ், ஒக்பெச்சே, தியமந்தகோஸ் என்று போய் 2024-25-ல் 23 கோல் அடித்த அஜராய் வரைக்கும் 11 சீசன். கோல்டன் பூட் ஒரு தடவைகூட இந்தியர் கைக்கு வரவில்லை. அந்த சீசனிலும் 40 வயதில் 14 கோல் அடித்த சேத்ரியைத்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

களத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஆரம்பத்தில் 6 பேர் வரை இருந்தார்கள். 2017-18-ல் 5 ஆனது, 2021-22-ல் 4 ஆனது. இவ்வளவு குறைத்தும் இந்த ஒரு இடம் மட்டும் ஏன் திறக்கவில்லை? பையனிடம் நான் என்ன சொல்லட்டும்?

கூடலூர்க்காரன்:
சார், நாங்க ஃபாரின் பிளேயரை ஐ.எஸ்.எல். வர்றதுக்கு முன்னாடியே பார்த்தவங்க. நாடுகாணி இறங்கினா கேரளாவோட நிலம்பூர், அப்படியே மஞ்சேரி, அரீக்கோடு. அங்க செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர் ஆடுற ஃபுட்பால்) சீசன்ல நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட்னு ஆள் இறக்குவாங்க. ஜீப் பிடிச்சுப் போய்ப் பார்த்துட்டு விடியக்காலம் திரும்புவோம். அவங்களை மார்க் பண்ணி ஆடின எங்க ஊர் டிஃபண்டருங்க எல்லாரும் நல்லாத் தேறினாங்க. ஐ.எஸ்.எல். முதல் சீசன்லயே கேரளா டிஃபண்டர் ஜிங்கன் எமர்ஜிங் பிளேயர் (வளரும் இளம் ஆட்டக்காரர்) விருது வாங்கினது சும்மாவா? எதிர்ல நின்னது எலானோவும் டெல் பியரோவும். ஃபாரினரை மொத்தமா எடுத்துட்டா ஆட்டத்தோட தரமே இறங்கிடும் சார். ஆனா அவங்களை எதிர்த்து ஆடித் தேறினது டிஃபண்டர்தான், ஃபார்வர்டு இல்ல. அந்த அளவுக்கு உங்க வருத்தம் நியாயம்.

குன்னூர் ரவி:
எண்ணிக்கையைக் குறைச்சா எந்த இடம் முதல்ல காலியாகுதுன்னு பாருங்க வாத்தியாரே. 2014-ல கேரளா பிளாஸ்டர்ஸுக்கு இங்கிலாந்துக்காரர் டேவிட் ஜேம்ஸ் கீப்பர். இன்னும் சில டீம்லயும் வெளிநாட்டு கீப்பர்தான். கோட்டா இறுக இறுக, ஒரு ஃபாரின் இடத்தை கோல் போஸ்ட்ல செலவழிக்க கிளப்புக்கு மனசு வரலை. இன்னைக்குக் கிட்டத்தட்ட எல்லா கீப்பரும் நம்மாளுதான். அடுத்து சைடு பேக், விங். அங்கயும் நம்ம பசங்க வந்துட்டாங்க. மிச்சம் இருக்கிற நாலு பேர் ஸ்டாப்பர், நடு மைதானம், சென்டர் ஃபார்வர்டுன்னு நடுவுலயே உட்கார்ந்துட்டாங்க. நாலை மூணாக்கினாலும் கடைசியாத்தான் ஃபார்வர்டைக் கைவிடுவாங்க. ஏன்னா ஜெயிக்கறது கோல்ல. கோச்சோட வேலையும் அதுலதான் நிக்குது.

அதனால எண்ணிக்கையை விட, எத்தனை ஃபார்வர்டு வெச்சு ஆடுறாங்கங்கறதுதான் விஷயம். முன்னாடி ஒருத்தன்னா அது ஃபாரினர். ரெண்டு பேர்னா நம்மாளுக்கு ஒரு இடம். காரைக்குடிப் பக்கத்துப் பையன் சிவசக்தி நாராயணன் பெங்களூருவுக்கு 2022-23-ல ஆடினதை ஒரு தடவை பாருங்க. ஃபிஜி நாட்டு ஃபார்வர்டு ராய் கிருஷ்ணா பக்கத்துல நின்னு 6 கோல், எமர்ஜிங் பிளேயர் விருது. அதுக்கு முந்தி இளம் ஆட்டக்காரர்களுக்கான டெவலப்மென்ட் லீக்ல ஆடிட்டு மேல வந்தவன். நேரா யாரும் தூக்கிட்டுப் போகலை.

அரவேணு ஃபுட்பால் பிரியன்:
சென்னையின் 2017-18-ஐ யாருமே சொல்லலையே! அந்த சீசன் இந்தியரான ஜேஜேதான் நமக்கு மெயின் ஃபார்வர்டு, 9 கோல். செமிஃபைனல்ல கோவாவை 3-0 அடிச்சப்ப ரெண்டு ஜேஜே, ஒண்ணு நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ். கோச் ஜான் கிரெகரி தன் ஃபாரினரைப் பின்னாடி வெச்சார். மைல்சன் ஆல்வ்ஸ், செரீனோ ரெண்டு பேரும் ஸ்டாப்பர். ஃபைனல்ல பெங்களூருவுக்கு எதிரா மைல்சனே தலையால ரெண்டு கோல் போட்டு 3-2, கப் நமக்கு. இந்திய ஃபார்வர்டோட ஐ.எஸ்.எல். ஜெயிக்க முடியும்னு நம்ம டீமே காட்டிடுச்சு. மத்த கோச்சுங்களுக்கு அந்த தைரியம் வரலைங்கறதுதான் எனக்கு ஆத்திரம்.

கோத்தகிரி பி.டி. வாத்தியார்:
ரவி சார் சொன்ன கீப்பர் விஷயம் மனதில் தைத்துவிட்டது. இடம் திறந்ததும் நம்ம பையன்கள் வந்து நின்றார்கள், திறமை இல்லாமல் இல்லை. 2018-19-ல் கோயம்புத்தூரில் சென்னை சிட்டி டீம் ஐ-லீக் (ஐ.எஸ்.எல். தவிர்த்த இன்னொரு தேசிய லீக்) வாங்கிய சீசனில் வெளிநாட்டு ஃபார்வர்டு பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். அந்த டீமில் நம்ம எட்வின், ரொமாரியோ எல்லாம் அருமையாக ஆடினார்கள், ஆனால் நடுவிலும் விங்கிலும். அவர்கள் வயதில் ஒரு தமிழ்ப் பையன் மான்சிக்குப் பக்கத்தில் ரெண்டாவது ஃபார்வர்டாக நின்றிருந்தால் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

பையனை ரைட் பேக் ஆக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மேட்சில் அவனுக்குப் பக்கத்தில் இன்னொருத்தனையும் முன்னால் விட்டு ஆடப் பழக்குகிறேன், ரெண்டு பேராக ஆடத் தெரிந்தால்தான் சிவசக்திக்குக் கிடைத்த மாதிரி இடம் கிடைக்கும். அவன் அப்பாவிடமும் நானே பேசிவிடுகிறேன். டெவலப்மென்ட் லீக் ஆடுகிற கிளப்புகள் செலக்‌ஷன் வைப்பது தெரிந்தால் இங்கேயே போடுங்கள், மேட்டுப்பாளையம் இறங்கி ராத்திரி ரயிலில் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

கூடலூர்க்காரன்:
சார், நிலம்பூர்ல எனக்குத் தெரிஞ்ச கோச் ஒருத்தர் இருக்கார். பையன் ஆடுற வீடியோ ரெண்டு எடுத்து வைங்க, கோல் அடிக்கறது மட்டும் வேண்டாம், பந்தை வாங்கித் திரும்பறதும் தெரியணும். நான் பேசிப் பார்க்கறேன்.