பறிமுதல் செய்த அழுங்கை உடனே காட்டில் விடலாமா?

காட்டுவழி:
கடத்தலில் பிடிபடும் அழுங்குகளை (செதில் போர்த்த எறும்புதின்னிகளை) மீட்பு மையத்தில் வாரக்கணக்கில் வைத்திருப்பது தப்பு. அதற்குப் பல் கிடையாது; எறும்பு, கறையான் தவிர எதையும் லேசில் தொடாது. பட்டினியும் பயமும் சேர்ந்து இரைப்பைப் புண், அப்புறம் நிமோனியா. நன்றாக நடந்து, இறுகச் சுருண்டுகொண்டால் அன்று இரவே விடுங்கள்.

வனமருத்துவி:
நடையை மட்டும் நம்பாதீங்க. எடை கூட்டிக் காட்ட, கடத்துபவர்கள் குழாய் வைத்து மாவுக்கூழைத் திணிப்பதுண்டு. தராசில் சரியாக இருக்கும், உடம்பு வறண்டு கிடக்கும். முதலில் நீர்ச்சத்து, பிறகுதான் தீனி. சுருண்டதை இழுத்துப் பிரிக்காமல் இருட்டில் விட்டால் தானாக விரியும். அப்போது கால்களைப் பாருங்க: கம்பிச் சுருக்கு அறுத்த இடத்தில் செதிலுக்கடியில் அழுகியிருந்தால் மேலே தெரியாது.

காட்டுவழி:
சரி, எதைத் தின்னக் கொடுப்பீர்கள்? சிக்கலே அதுதானே?

வனமருத்துவி:
வியட்நாமின் குக் புவோங் தேசியப் பூங்காவில் உள்ள மீட்பு மையத்தில் உறையவைத்த எறும்பு முட்டை கொடுக்கிறார்கள். தைபே விலங்கியல் பூங்காவில் தேனீப்புழு, மாவுப்புழு, முட்டை மஞ்சள்கரு, ஆப்பிள் அரைத்த கலவை. அதில் மண்ணும் சேர்ப்பார்கள். சேர்க்காவிட்டால் மலம் இளகிவிடும். கலவைக்கு ஒரே நாளில் மாற்றினால் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எறும்பு முட்டையோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கூட்டணும்.

செதில்:
எந்த இனம் என்று ரெண்டு பேருமே கேட்கவில்லையே! ஆசியாவில் நாலு இனம்: இந்திய, சீன, சுண்டா, பிலிப்பைன். வியட்நாமில் பிடிபட்ட சுண்டா அழுங்கு மலேசியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்திருக்கலாம். சீன அழுங்குக்குக் காதுமடல் பெரிது, முன்நகம் நீளம், வளை தோண்டும். சுண்டா நன்றாக மரமேறும். இடம் மாறினால் இரை, ஒதுங்குமிடம் எல்லாமே மாறும். நோயும் உண்டு: 2017 முதல் 2019 வரை தென்சீனாவில் பறிமுதலான சுண்டா அழுங்குகளில் கொரோனா வைரஸ்கள் இருந்தன. பரிசோதிக்காமல் விட்டால் காட்டில் இருப்பவற்றுக்கும் ஆபத்து.

காட்டுவழி:
இனமும் ரத்தமும் பார்க்கட்டும், அதை மறுக்கவில்லை. முடிவு வந்ததும் விடுங்கள் என்கிறேன். ‘இன்னும் கொஞ்சம் தேறட்டும்’ என்று மாதக்கணக்கில் இழுப்பதுதான் கொல்கிறது.

வனமருத்துவி:
காயம் ஆறி, தானாகத் தின்று எடை ஏறாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். விடும்போது, எங்கே இருக்கிறது என்று காட்டும் ரேடியோ கருவியையும் செதிலில் மாட்டணும். செதில் நகம் மாதிரிதான். ஓரத்தில் துளையிட்டால் வலிக்காது, அடிப்பக்கம் போனால் ரத்தம் வரும். விட்ட பிறகு பிழைத்ததா என்று தெரியாமல் யார் சொன்னது சரி என்று எப்படி முடிவுசெய்வது?