பிரஷ் வைத்தால் மின்னல் வரவில்லை, வெள்ளைச் சதுரம் விழுகிறது

கேள்வி: கடைக்குட்டி

அக்காவின் கல்யாண ஆல்பத்தை நானே செய்து தருகிறேன் என்று வாயை விட்டு மாட்டிக்கொண்டேன். முகூர்த்தப் படத்தில் நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, ஒட்டியாணம் எல்லாம் பளிச்பளிச்சென்று மின்ன வேண்டுமாம், அம்மா உத்தரவு. போட்டோஷாப்பில் கருப்புப் பின்னணியில் வெள்ளை நட்சத்திரம் வரைந்து, எடிட் மெனுவில் ‘டிஃபைன் பிரஷ் பிரீசெட்’ கொடுத்து, அந்த வடிவத்தையே பிரஷ்ஷாகச் சேமித்தேன். படத்தில் கிளிக் செய்தால் அக்கா நெற்றியில் ஒரு வெள்ளைச் சதுரம், நடுவில் நட்சத்திர வடிவத்தில் ஓட்டை! மவுஸை இழுத்தால் பிளாஸ்திரி ஒட்டியதுபோல் ஆகிவிடுகிறது. எங்கே தப்பு?

பதில்: இருட்டறை

கருப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றி வைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். பிரஷ்ஷாகச் சேமிக்கும்போது நிறம் கணக்கில் வராது. கருப்பு உள்ள இடத்தில் வண்ணம் விழும், வெள்ளை உள்ள இடம் காலி, சாம்பல் என்றால் அரைகுறை. அந்தப் ஃபைலைத் திறந்து கண்ட்ரோல், ஐ இரண்டையும் அழுத்தித் தலைகீழாக்கிவிட்டு மறுபடி சேமியுங்கள். சதுரம் போய்விடும்.

நட்சத்திரத்தைக் கையால் வரைந்தீர்களா? கோடு தடியாக இருக்குமே. வெள்ளைத் தாளில் ஓரம் மங்கிய பெரிய வட்ட பிரஷ்ஷை எடுத்து, எஃப்5 தட்டினால் வரும் பேனலில் ரவுண்ட்னஸை, அதாவது பிரஷ்ஷின் வட்டத்தன்மையை, 3 சதவீதத்துக்குக் குறையுங்கள். கருப்பில் ஒரு கிளிக். ஆங்கிளை 90 ஆக்கி அதே மையத்தில் இன்னொரு கிளிக். ரவுண்ட்னஸைப் பழையபடி 100 ஆக்கி, நடுவில் சின்னதாக ஒரு புள்ளி. முனை தானாகக் கூர்ந்து மறையும்.

இனிதான் முக்கியமான விஷயம். பிரஷ் பேனலைத் திறந்ததும் எல்லோரும் ஸ்கேட்டரிங் (கண்ட இடத்தில் சிதறவிடுவது), ஆங்கிள் ஜிட்டர் (ஒவ்வொன்றையும் கண்ட கோணத்தில் திருப்புவது) எல்லாவற்றையும் ஏற்றி வைத்துவிடுகிறார்கள். ஃபிலிம் காலத்தில் எங்கள் ஸ்டூடியோவில் லென்ஸுக்கு முன்னால் ஸ்டார் ஃபில்டர் மாட்டுவோம். கண்ணாடியில் மெல்லிய கோடுகள் கீறியிருக்கும். குத்துவிளக்குச் சுடரோ மூக்குத்திக் கல்லோ, ஒரே படத்தில் உள்ள எல்லாக் கதிர்களும் ஒரே சாய்வில்தான் விழும். வளையத்தைத் திருப்பினால் எல்லாம் சேர்ந்து திரும்பும். ஃபில்டர் இல்லாமல் எஃப்16 வைத்து, அதாவது லென்ஸின் துளையை நன்றாகச் சுருக்கித் தெருவிளக்கை எடுத்தாலும் அதே கதைதான்: லென்ஸுக்குள் அந்தத் துளையைச் சுருக்கும் தகடுகள், 8 பிளேடு என்றால் 8 கதிர், 7 பிளேடு என்றால் 14. கதிர் பிறப்பது லென்ஸில், நகையில் அல்ல. அதனால் ஆங்கிள் ஜிட்டர் பூஜ்யத்திலேயே இருக்கட்டும். கதிர்கள் திசைக்கொன்றாகத் திரும்பினால் ஜிகினாத் தூள் கொட்டிய கணக்காகிவிடும். பிறந்தநாள் பேனருக்கு அது சரி, மணப்பெண்ணுக்கு வேண்டாம்.

இழுக்காதீர்கள். கல் ஏற்கெனவே வெளுத்திருக்கும் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்து, அதன் மேல் ஒரு கிளிக். அளவை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: வெளிச்சம் அதிகமென்றால் பெரிய கதிர். புது லேயரில் (படத்தின் மேல் தனி அடுக்கில்) வையுங்கள், பிளெண்ட் மோடு, அதாவது கீழ் அடுக்கோடு கலக்கும் முறை, ஸ்கிரீன். அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: ஆன்டிக் நகை மினுங்காது, அதன் அழகே அந்த மங்கலில்தான். அதில் நட்சத்திரம் வைத்தால் கவரிங் மாதிரி தெரியும்.

பதில்: ஓசிமென்பொருள்

போட்டோஷாப் இல்லாமல் கிம்ப் என்ற இலவச மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு: ஃபில்டர்ஸ் மெனுவில் லைட் அண்ட் ஷேடோ, அதற்குள் ஸ்பார்க்கிள். பளிச்சென்ற இடங்களைத் தானே தேடிப் பிடித்துக் கதிர் போடும். போட்டோஷாப்பின் ஏபிஆர் பிரஷ் ஃபைல்களையும் கிம்ப் திறக்கும். ஒரே தொல்லை, எது நகை எது பல் என்று ஸ்பார்க்கிளுக்குத் தெரியாது. என் மச்சான் சிரித்த படத்தில் பல்லெல்லாம் நட்சத்திரம். நகையை மட்டும் செலக்ட் செய்துவிட்டு ஓட்டுங்கள்.

பதில்: கடைக்குட்டி

அண்ணா, தலைகீழாக்கியதும் சதுரம் காணோம்! ஆனால் ஒட்டியாணத்தில் மின்னல் எடுபடவே இல்லை. பிரிண்டில் வருமா?

பதில்: இருட்டறை

வராதும்மா. தாளின் வெள்ளையைவிடப் பளிச்சென்று எந்த பிரிண்டும் வராது. பக்கத்தில் இருட்டு இருந்தால்தான் வெளிச்சம் தெரியும். படத்தின் நகல் லேயரில் பர்ன் டூல் எடுத்து, கல்லைச் சுற்றி லேசாகக் கருக்குங்கள். சிஎம்ஒய்கே (அச்சு மையின் நான்கு நிற முறை) கேட்கும் அச்சகம் என்றால் லேயர்களை ஒன்றாக்கிவிட்டு அப்புறம் மாற்றுங்கள். லேயரோடு மாற்றினால் ஸ்கிரீன் மோடு வேறு மாதிரிக் கணக்குப் போடும், மின்னலும் மாறிவிடும்.

பதில்: கடைக்குட்டி

முப்பது வைத்தேன், ஒவ்வொன்றாக அழித்து இப்போது ஐந்து நிற்கிறது. மூக்குத்தியில் ஒன்று, சுட்டியில் ஒன்று, ஜிமிக்கிக்கு ஒவ்வொன்று, ஒட்டியாணத்தில் ஒன்று. அக்கா பார்த்துவிட்டு, “மூக்குத்தி நல்லா விழுந்திருக்கே, எந்த கேமரா?” என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.