இமாச்சலில் இன்டர்வியூ, அப்படியே சோலாங்கில் பனிச்சறுக்கு: போகலாமா?

சிப்காட்_கெமிஸ்ட்:
கடலூர் சிப்காட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் க்யூசி (தரக் கட்டுப்பாடு) வேலை, பெரும்பாலும் மருந்தைச் சோதிக்கும் ஹெச்பிஎல்சி கருவியில். இமாச்சலில் பத்தி என்ற ஊருக்கு நேரில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சண்டிகர் பக்கத்தில் மருந்து ஃபேக்டரிகள் நிறைந்த ஊர் அது. பிப்ரவரி முதல் வாரம், வெள்ளிக்கிழமை காலை. போக வர விமான டிக்கெட் அவர்களே போடுகிறார்கள். அதே வார இறுதியில் என்னோடு படித்த புதுச்சேரி நண்பர்கள் மணாலி போகிறார்கள். சோலாங்கில் பனிச்சறுக்கு, இரண்டு ராத்திரி கூடாரம். வெள்ளி இரவு நானும் சேர்ந்துகொண்டு, திங்கட்கிழமை சண்டிகரில் விமானம் ஏறலாம் என்று நினைக்கிறேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

முதுநகர்க்காரன்:
தம்பி, அப்பா சொல்வதுதான் சரி. நானும் சிப்காட்டில்தான் இருக்கிறேன், இந்த இன்டர்வியூ எப்படி நடக்கும் என்று தெரியும். காலையில் டெக்னிக்கல் ஆள் கேட்பார், மத்தியானம் ப்ளாண்ட் ஹெட் கேட்பார். பிடித்துவிட்டால் "நாளைக்குக் காலையில் ஒருதரம் வந்து டைரக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்பார்கள். அப்போது என்ன சொல்வாய்? பஸ் டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றா? ஆறு மணிக்குப் பஸ் என்று மனசில் ஓடிக்கொண்டிருந்தால், ஸ்பெக்கில் சொன்ன அளவைத் தாண்டி ரிசல்ட் வந்தால் விசாரணையை எங்கே ஆரம்பிப்பாய் என்ற கேள்விக்கு நிதானமாகப் பதில் வராது. வேலைக்குப் போனால் வேலையை மட்டும் பார்.

வில்லியனூர்_ரைடர்:
எதிர்மாறாகச் செய்யலாமே! புதன்கிழமையே மணாலி போய், நன்றாக விளையாடிவிட்டு, மனசு லேசாகி வெள்ளிக்கிழமை உட்கார். இல்லையென்றால் நண்பர்களை காஷ்மீர் குல்மார்க் பக்கம் திருப்பிவிடு. அங்கே பனி இன்னும் பிரமாதம், கோண்டோலா என்ற கேபிள் காரில் மேலே வரை போகலாம்.

லாஸ்பேட்டை_அக்கா:
ரைடர் தம்பி, முன்னாடி போவது மட்டும் கூடவே கூடாது. பனி கொட்டினால் மணாலியில் நேரு குண்ட் என்ற இடத்துக்கு மேலே ஃபோர் பை ஃபோர் வண்டியைத்தான் விடுவார்கள், சில நாள் அதையும் விடமாட்டார்கள். கீழே மண்டி, குலு பக்கம் மண்சரிவு விழுந்தால் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். வியாழக்கிழமை மேலே மாட்டிக்கொண்டால் இன்டர்வியூ போச்சு. அது போகட்டும், பனியில் பட்டுத் திரும்பும் வெயிலில் ஒரே நாளில் முகம் கருகும், கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுப்பாக நிற்கும், உதடு வெடிக்கும். அந்த முகத்தோடு ப்ளாண்ட் ஹெட் முன்னால் போய் உட்காரவா?

குல்மார்க்கும் வேண்டாம். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட்தான் எடுக்கும். இன்டர்வியூ முடிந்து கம்பெனி கூப்பிடக்கூடிய நாட்களில் செல்போன் செத்துக் கிடக்கக் கூடாது.

ஆனால் முதுநகர் அண்ணே, போகவே கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் ஊரிலிருந்து இமயமலை வரை போய்வரச் செலவு என்ன, விடுப்பு என்ன என்று உங்களுக்கே தெரியும். பாதி நாட்டைத் தாண்டிப் போன பையன் மலையைப் பார்க்காமல் திரும்பினால்தான் பொறுப்பானவன் என்றால், அந்தப் பொறுப்பு யாருக்கு என்ன தருகிறது? இன்டர்வியூ முதலில், முழுசாக. முடிந்த பிறகு அவன் நேரம் அவனுடையது.

முதுநகர்க்காரன்:
அக்கா, அவன் நேரம் சரி, டிக்கெட் யாருடையது? கம்பெனி காசில் போய் ஊர் சுற்றுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. சறுக்கி விழுந்து முழங்கால் திருகினால்? வேலை கிடைத்தாலும் சேரும் முன் மெடிக்கல் இருக்கிறது. கட்டுப்போட்ட காலோடு போய் நிற்பான்.

நெய்வேலி_ஹெச்ஆர்:
ஹெச்ஆரில் இருந்து ஓய்வு பெற்றவன், டிக்கெட் விஷயம் மட்டும் சொல்கிறேன். திரும்பும் தேதியைத் தள்ளிக் கேட்பது தப்பே இல்லை. டிக்கெட் போடும் முன்பே கேட்கணும், அவ்வளவுதான். "சொந்த வேலையாகச் சில நாள் அங்கே இருக்கிறேன், செவ்வாய்க்கிழமை திரும்பும்படி போட முடியுமா, கட்டணம் கூடினால் வித்தியாசத்தை நான் தருகிறேன்" என்று இரண்டு வரி மெயில் போதும். பெரும்பாலும் சரி என்பார்கள், சில சமயம் அந்தத் தேதிக்குக் கட்டணம் குறைவாகவும் இருக்கும். வெள்ளி இரவுக்குப் பிறகு ஆன சாப்பாடு, பஸ், தங்கும் செலவு ஒரு ரூபாய் கூட க்ளெய்மில் வரக் கூடாது. போட்ட டிக்கெட்டைச் சொல்லாமல் நீயே மாற்றிக்கொள்வதுதான் தப்பு. பில்லைப் பார்க்கிறவருக்குத் தேதி தெரியும், கேள்வி வரும்.

இன்னொன்று, இப்போதைய கம்பெனியில் என்ன சொல்லி விடுப்பு எடுக்கிறாய்? வீட்டில் விசேஷம் என்று சொல்லிவிட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பனி போட்டோ போடாதே. சொந்த வேலை என்று சொல், அது உண்மை. அந்தக் கம்பெனியின் ரிலீவிங் லெட்டர் உனக்குத் தேவைப்படும்.

சிப்காட்_கெமிஸ்ட்:
நன்றி சார். டிக்கெட் இன்னும் போடவில்லை, மெயில் எழுதுகிறேன். ஆனால் செவ்வாய் என்கிறீர்களே, எனக்குத் திங்கள் போதுமே?

லாஸ்பேட்டை_அக்கா:
போதாது தம்பி. கணக்குப் போட்டுப் பார். வெள்ளி இரவு சண்டிகர் செக்டர் 43 பஸ் ஸ்டாண்டில் ஏறினால் சனிக்கிழமை காலை மணாலி. திங்கட்கிழமை சண்டிகரில் விமானம் என்றால் ஞாயிறு சாயங்காலமே கீழே இறங்கணும். கூடாரத்தில் ஒரு ராத்திரிதான் கிடைக்கும், அன்றைக்குப் பனி கொட்டினால் அதுவும் இல்லை, விமானமும் இல்லை. செவ்வாய் என்றால் ஒரு நாள் கையில் இருக்கும். முதுநகர் அண்ணன் சொன்ன மாதிரி சனிக்கிழமை வரச் சொன்னாலும் அந்த ஒரு நாள்தான் காப்பாற்றும். அப்படி வரச் சொன்னால் பேச்சே இல்லாமல் பஸ்ஸைக் கேன்சல் செய்துவிட்டுப் பத்தியிலேயே தங்கு.

பனிச்சறுக்குக்கு வருகிறேன். உத்தரகண்ட் ஔலியில் பயிற்சி எடுத்திருக்கிறேன். அங்கே கோர்ஸே 7 நாள், 14 நாள் என்றுதான் நடக்கும். இரண்டு நாளில் நீ சறுக்கக் கற்றுக்கொள்ளப் போவதில்லை. நிறுத்தக் கற்றுக்கொள்வாய், விழக் கற்றுக்கொள்வாய், அதுவே அவ்வளவு சந்தோஷம். காலில் மாட்டும் இரண்டு சறுக்குக் கட்டையின் முன் முனையையும் கிட்டக் கொண்டுவந்து குதிகாலை வெளியே தள்ளினால் வேகம் குறையும். அது கைவரும் வரை சரிவில் மேலே ஏறாதே.

முழங்கால் பயம் நியாயமானதுதான் அண்ணே. பூட்ஸையும் கட்டையையும் பிடித்திருக்கும் பூட்டு, விழும்போது தானாக விடுபடணும். ஆளின் எடைக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப அதைத் திருகி வைக்கணும். வாடகைக் கடையில் பலர் அதைத் தொடுவதே இல்லை. முன்னாடி வந்தவருக்கு வைத்தது அப்படியே இருக்கும், அது விடாமல் பிடித்துக்கொண்டால் கால் திருகும். கடைக்காரரிடம் எடையைச் சொல்லி, கண் முன்னால் திருக வைத்துவிட்டுப் போட்டுக்கொள். ஒரு பயிற்சியாளரையும் வைத்துக்கொள்.

வில்லியனூர்_ரைடர்:
ஜெர்கினுக்குக் காசு கொட்டாதே, புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. மணாலியிலிருந்து சோலாங் போகும் வழியெல்லாம் நம்பர் போட்ட கடைகளில் பனிக் கோட்டும் பூட்ஸும் வாடகைக்குத் தருவார்கள்.

முதுநகர்க்காரன்:
சறுக்குவதைக் கூட விடுங்கள். கூடாரம் எதற்கு? மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டுகிற ஊர் நம்முடையது. பிப்ரவரியில் அங்கே ராத்திரி ஜீரோவுக்குக் கீழே. குளிர் தாங்காமல் கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு படுத்து, விஷவாயுவில் காலையில் எழுந்திருக்காதவர்கள் செய்தியை வருஷா வருஷம் படிக்கிறோம்.

லாஸ்பேட்டை_அக்கா:
அதில் உங்களோடு நிற்கிறேன். தம்பி, அங்கீட்டி என்று கரி அடுப்பு கொடுப்பார்கள். வெளியே உட்கார்ந்து குளிர் காயலாம். கூடாரத்துக்குள்ளும் கதவு சாத்திய அறைக்குள்ளும் கூடவே கூடாது, கரி அணைந்த மாதிரி தெரிந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கெமிஸ்ட் உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, கூட வரும் பையன்களுக்கு நீ சொல்லு. குளிர் மேலிருந்து வருவதை விடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். போர்வையை விட அடியில் தடிமனான விரிப்புதான் முக்கியம், அது இருக்கிறதா என்று முன்பணம் கட்டும் முன் கேள். செல்போனை உடம்போடு வைத்துக்கொண்டு படு, குளிரில் சார்ஜ் வேகமாக இறங்கும்.

சிப்காட்_கெமிஸ்ட்:
கம்பெனி ஹெச்ஆர் பதில் போட்டுவிட்டார். செவ்வாய் காலைக்கு மாற்றித் தருகிறார்களாம், வித்தியாசம் என் கணக்கில். கூடாரம் ஒரு ராத்திரி மட்டும், மீதி நாள் மணாலியில் ரூம். சனிக்கிழமை வரச் சொன்னால் பயணம் ரத்து என்று நண்பர்களிடமும் சொல்லிவிட்டேன். வியாழன் மத்தியானமே பத்தியில் இருப்பேன்.

முதுநகர்க்காரன்:
எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை, அந்த ஒரு ராத்திரியையும் ரூமிலேயே கழிக்கலாம். ஆனால் ஹெச்ஆரிடம் சொல்லிவிட்டாய், சனிக்கிழமைக்கும் வழி வைத்திருக்கிறாய், அதற்கு மேல் தடுக்க மாட்டேன். கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வா. பீக் டெய்லிங், சிஸ்டம் சூட்டபிலிட்டி, டேட்டா இன்டக்ரிட்டி என்று இன்டர்வியூவில் கேட்கக்கூடிய மூன்றையும் உட்கார்ந்து பார்த்துவிடலாம். எங்கள் ப்ளாண்டில் ஆடிட்டர்கள் கேட்ட கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன்.