திவால் மனு போட்டா என்ன நடக்கும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

பட்டர்வொர்த்_சமையல்:
வணக்கம். மலேசியாவுல கல்யாணச் சமையல் எடுத்துச் செய்றவன் நான், வயசு 46. எம்சிஓ (கோவிட் ஊரடங்கு) நேரத்துல பதினோரு கல்யாணம் நின்னுபோச்சு. வாங்கின முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடன் வாங்கினேன், அதுலேர்ந்து இன்னும் எழுந்திரிக்க முடியல. பர்சனல் லோன் 62,000 வெள்ளி (ரிங்கிட்), கிரெடிட் கார்டு 41,000, தொழில் கடன் 38,000. மூணும் வேற வேற பேங்கு. போன் அடிச்சாலே மகள் என் முகத்தைப் பார்க்குறா. "நீயே போய் திவால் போட்டுடு, ஒரேயடியா முடிஞ்சிடும்"னு கூட்டாளி சொல்றார். நிஜமாவே முடிஞ்சிடுமா? இபிஎஃப் (ஓய்வுகாலச் சேமிப்பு) பணம் போயிடுமா? அண்டா, அடுப்பெல்லாம் தூக்கிட்டுப் போயிடுவாங்களா? தொழிலை மனைவி பேருக்கு மாத்தினா தப்பிக்கலாமா? தை மாசம் அம்மாவைப் பழனிக்குக் கூட்டிட்டுப் போறதா வாக்குக் கொடுத்திருக்கேன், அதையும் சேர்த்துத்தான் கேக்குறேன்.

பிறை_மாமா:
தம்பி, கூட்டாளியோட கார் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு 2011-ல திவாலானவன் நான். அப்போ கடன் 30,000 வெள்ளி இருந்தாலே திவாலாக்கப் போதும். நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போயிருக்கு. தாய்லாந்து ஹாட்யாய் போற பஸ்ஸுல குடும்பத்தோட உட்கார்ந்திருந்தப்போ, புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையில என்னை மட்டும் இறக்கிட்டாங்க. அங்கேதான் எனக்கே தெரிஞ்சது. 2017-ல சட்டம் மாறிடுச்சு. லாபம் பார்க்காம படிப்புக் கடன், சொந்தக் கார், குடியிருக்கிற வீடு இதுக்கு ஜாமீன் நின்னவங்களை இப்போ திவாலாக்க முடியாது. பழனிக்கு டிக்கெட் எடுக்கிறதுக்கு முன்னாடி உங்க பேர் திவால் பட்டியல்ல இருக்கான்னு பார்த்துக்குங்க.

செந்தூல்_தையல்:
அண்ணா, செந்தூல்ல ப்ளவுஸ் தைக்கிற கடை வச்சிருந்து 2018-ல திவாலானவ நான். 2022 அக்டோபர்ல வெளியே வந்தேன். அவசரப்பட்டு மனு போடாதீங்கன்னு கையைப் பிடிச்சுச் சொல்றேன்.

நாமே மனு போட சட்டத்துல இடம் இருக்கு. ஆனா பேங்கு உங்களைத் திவாலாக்கணும்னா முதல்ல கோர்ட்டுல தீர்ப்பு வாங்கணும். அப்புறம் திவால் நோட்டீஸ் கொடுத்து, ஏழு நாளுக்குள்ள நீங்க கட்டலைன்னாத்தான் மனு போடலாம். கடனும் 100,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது. 50,000-ஆ இருந்ததை 2020-லதான் ஏத்தினாங்க. உங்க மூணு பேங்குல ஒண்ணுகூடத் தனியா அந்தத் தொகையைத் தொடல. லோன் பேங்கும் கார்டு பேங்கும் சேர்ந்து வந்தா 103,000 ஆயிடும், அதை மறந்துடாதீங்க. சேராட்டியும் தனித்தனியா வழக்குப் போட்டு சாமானைப் பிடிக்கவும் வழி இருக்கு. அதனால சும்மா இருந்துடவும் கூடாது.

நான் சும்மா இருந்தவ. கோர்ட்டு திவால் உத்தரவு வந்த பிறகு பத்தொன்பது மாசம் திவால் இலாகா ஆபீஸ் பக்கமே போகல. வந்த கவரையெல்லாம் பிரிக்காம அலமாரியில பட்டுப் புடவைக்கு அடியில வச்சேன். புடவை எடுக்கப் போனா அந்தப் பழுப்புக் கவர் ஓரம் கையில உரசும், அப்படியே மூடிடுவேன். மூணு வருஷத்துல தானா விடுதலைன்னு யாரோ சொன்னாங்க. பாதிக்கு மேல முடிஞ்சிருக்கும்னு நெனச்சு ஒருநாள் போனேன். அங்கிருந்த அம்மா பொறுமையா விளக்கினாங்க: மூணு வருஷத்தை எண்ணுறது உத்தரவு தேதியிலேர்ந்து இல்ல, சொத்து விவர அறிக்கையை, அதான் 'ஹால் எஹ்வால்' பாரத்தை, நாம கொடுத்த நாள்லேர்ந்து. நான் ஒளிஞ்சிருந்த பத்தொன்பது மாசமும் கணக்குல வரல. அங்கேயே உட்கார்ந்து நிரப்பினேன். 'சொத்து'ன்னு போட்டிருந்த கட்டத்துல தையல் மிஷினை எழுதுறப்போ அழுகை வந்துடுச்சு.

மிஷினை எடுக்கல. தொழில் கருவி, உடுப்பு, படுக்கை எல்லாம் சேர்த்து 5,000 வெள்ளி வரைக்கும் சட்டம் விட்டு வைக்குது. உங்க அண்டாவுக்கும் அதே கணக்குதான். எதையும் மறைக்காம எழுதுங்க, மறைச்சா அது தனிக் குற்றம். இபிஎஃப்ல இருக்கிற பணத்தைக் கடன்காரங்க தொட முடியாது.

விடுதலை தானா வருதுன்னு சொன்னாலும் ரெண்டு கடமை இருக்கு. நம்ம வருமானம், குடும்பச் செலவு எல்லாம் பார்த்து ஒரு தொகை நிர்ணயிப்பாங்க, அதைக் கட்டி முடிக்கணும். ஆறு மாசத்துக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கும் கொடுக்கணும். என் மகனோட பழைய பள்ளி நோட்டுல பால்மாவு, எல்ஆர்டி காசு வரைக்கும் எழுதி வச்சேன். இருக்கிறவங்க வீட்டுல இது சின்ன விஷயம், நம்ம வீட்டுல மாசம் 200 வெள்ளி எடுத்து வைக்கிறது லேசு இல்ல.

மனைவி பேருக்கு மாத்துற யோசனையை விட்டுடுங்க. திவாலானவர் திவால் இலாகா இல்லைன்னா கோர்ட்டு அனுமதி இல்லாம தொழில் நடத்தக் கூடாது. மனைவி, பிள்ளை, கூடப் பிறந்தவங்க நடத்துற தொழில்ல சம்பளத்துக்கு வேலை செய்யக்கூட அனுமதி வேணும். பாவம், அவங்களையும் இழுத்து விட்டுடாதீங்க.

பழனி: அனுமதி இல்லாம நாட்டை விட்டுப் போக முடியாது. கேட்டா கிடைக்காதுன்னு இல்ல. கோயம்புத்தூர்ல என் பெரியம்மா இறந்தப்போ எழுதிக் கேட்டேன், டிக்கெட் காசு யார் தர்றாங்கன்னு ஆதாரம் கேட்டாங்க. அதைத் திரட்டுறதுக்குள்ள காரியம் முடிஞ்சுபோச்சு.

முதல்ல ஏகேபிகேக்குப் போங்க, அது கடன் ஆலோசனை நிறுவனம். 2006-ல நம்ம மத்திய வங்கி பேங்க் நெகாரா தொடங்கினது, நம்மகிட்ட காசு வாங்க மாட்டாங்க. பேங்குகளோட பேசி ஒரே மாசத் தவணையா மாத்திக் கொடுப்பாங்க. திவாலாகிட்டா அந்தக் கதவு மூடிடும். எனக்கு அப்படித்தான் மூடுச்சு.

பட்டர்வொர்த்_சமையல்:
அக்கா, ராத்திரி மனைவிக்கு இதை முழுசா வாசிச்சுக் காட்டினேன். கடன் 141,000-ன்னு அவளுக்கு நேத்துதான் தெரியும். என்கிட்ட சம்பளச் சீட்டு கிடையாதே, ஏகேபிகேக்கு என்ன எடுத்துட்டுப் போறது?

செந்தூல்_தையல்:
ஆறு மாச பேங்க் கணக்கு, மூணு பேங்கோட கடிதங்கள், அடுத்து ஒப்புக்கிட்ட சமையல் ஆர்டர் நோட்டு, வாடகை ரசீது. பிரிக்காத கவர் ஏதாவது இருந்தா இன்னிக்கு ராத்திரியே பிரிச்சு, தேதி வாரியா அடுக்கி வைங்க. அண்ணியையும் கூட்டிட்டுப் போங்க அண்ணா.