ஐ.பி.ஏ.வில் பேசிக் 800 வெள்ளி, பே ஸ்லிப்பில் 600: சிங்கப்பூர் ஓவர்டைம் கணக்கு சரியா?

துவாஸ் கம்பி (கேள்வி)

வணக்கம். சிங்கப்பூரில் கட்டுமானக் கம்பெனி, ஒர்க் பர்மிட். ஊரில் இருக்கும்போது வந்த ஐ.பி.ஏ. (ஒர்க் பர்மிட்டுக்கான கொள்கையளவு ஒப்புதல்) கடிதத்தில் பேசிக் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அலவன்ஸ் இல்லை, பிடித்தம் இல்லை என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் பே ஸ்லிப்பில் பேசிக் 600, சைட் அலவன்ஸ் 200 என்று பிரித்துப் போடுகிறார்கள். கேட்டால், "கூட்டிப் பார், அதே 800 தானே" என்கிறார்கள்.

வாரம் 6 நாள், 44 மணி நேர வேலை. மாதம் சுமார் 60 மணி நேரம் ஓவர்டைம், மணிக்கு 4.72 வெள்ளி. இரண்டு ஞாயிறு ஏழேழு மணி நேரம் வரச் சொல்கிறார்கள், அதற்கும் அதே 4.72 தான். சேமிப்பு என்று மாதம் 50 வெள்ளி பிடிக்கிறார்கள், ஊருக்குப் போகும்போது தருவார்களாம். சம்பளம் அடுத்த மாதம் 20ஆம் தேதிதான் வருகிறது. பர்மிட் முடிய மூன்று மாதம் இருக்கிறது. இதெல்லாம் சட்டப்படி சரியா? கேட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?

கணக்குப்பிள்ளை

சரியில்லை தம்பி. கூட்டுத்தொகை அதே 800 தான், ஆனால் ஓவர்டைம் கணக்குக்கு அலவன்ஸ் சேராது, பேசிக் மட்டும்தான் சேரும். பேசிக்கைக் குறைத்துக் காட்டினால் ஓவர்டைம் ரேட்டும் கூடவே இறங்கிவிடும். பிரித்துப் போட்டதன் நோக்கமே அதுதான்.

மணி நேர ரேட் இப்படிப் பார்க்க வேண்டும்: மாத பேசிக்கை 12ஆல் பெருக்கி, 52 பெருக்கல் 44, அதாவது 2,288ஆல் வகுக்க வேண்டும். 800 வெள்ளிக்கு 9,600ஐ 2,288ஆல் வகுத்தால் 4.20 வெள்ளி. ஓவர்டைம் அதில் ஒன்றரை மடங்கு, 6.29 வெள்ளி. உங்களுக்குக் கொடுக்கும் 4.72, 600 வெள்ளிக்குப் போட்ட கணக்கு. மணிக்கு 1.57 வெள்ளி குறைகிறது, 60 மணி நேரத்துக்கு 94.20 வெள்ளி.

ஞாயிறு உங்கள் ஓய்வு நாள் என்றால் அதற்கு மணிக்கணக்கு கிடையாது. கம்பெனி கேட்டு வந்து, வழக்கமான வேலை நேரத்தில் பாதிக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் பேசிக் சம்பளம் தர வேண்டும். பாதி வரை என்றால் ஒரு நாள் சம்பளம். ஒரு நாள் ரேட்: 9,600ஐ 52 பெருக்கல் 6, அதாவது 312ஆல் வகுத்தால் 30.77. இரண்டு நாளுக்கு 61.54 வெள்ளி. உங்களுக்கு வந்தது 7 பெருக்கல் 4.72, அதாவது 33.04. ஒரு ஞாயிற்றுக்கு 28.50 குறைவு, இரண்டுக்கு 57 வெள்ளி.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தொழிலாளி தானாகக் கேட்டு வந்தால் சட்டப்படி பாதிச் சம்பளம்தான்: பாதி நாளுக்கு மேல் ஒரு நாள் சம்பளம், பாதி வரை அரை நாள். அதனால்தான் "என் விருப்பத்தின் பேரில் ஞாயிறு வேலைக்கு வருகிறேன்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். போடாதீர்கள். சூப்பர்வைசர் சனிக்கிழமை அனுப்பும் "நாளைக்கு வா" வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வையுங்கள்.

சேமிப்பு 50ஐயும் சேர்த்தால் மாதம் 201.20 வெள்ளி உங்கள் கைக்கு வரவில்லை.

சிராங்கூன் சாலை

பேசிக்கைக் குறைப்பது பற்றி: ஐ.பி.ஏ.வில் சொன்ன சம்பளத்தைக் குறைக்கவோ, பிடித்தத்தைக் கூட்டவோ வேண்டுமானால் முதலில் உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், மனிதவள அமைச்சுக்கும் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பே ஸ்லிப்பில் மாற்றினால் ஐ.பி.ஏ.வில் உள்ள 800 தான் நிற்கும். வந்து இறங்கியதும் ஆங்கிலத்தில் ஒரு கான்ட்ராக்டை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் பயப்பட வேண்டாம், ஆனால் அதன் நகலை எப்படியாவது கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேதி: மாதச் சம்பளம், சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள். ஓவர்டைம் 14 நாளுக்குள். 20ஆம் தேதி என்றால் இரண்டுமே தாமதம். பே ஸ்லிப் சம்பளத்தோடோ அல்லது 3 வேலை நாளுக்குள்ளோ வர வேண்டும். 2016 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். அதில் பேசிக், ஒவ்வொரு அலவன்ஸ், ஒவ்வொரு பிடித்தம், ஓவர்டைம் மணி நேரம், ஓவர்டைம் தொகை எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். "ஓவர்டைம்" என்று மொத்தத் தொகை மட்டும் போட்டு மணி நேரத்தை எழுதாமல் விட்டிருந்தால் அதுவே தப்பு.

சேமிப்புப் பணம்: உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பிடிக்க முடியாது. சம்மதம் கொடுத்திருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், அதற்காக அபராதம் போடக் கூடாது. லெவியை, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் தீர்வையை, தொழிலாளியிடம் வசூலிப்பது எந்தப் பெயரில் செய்தாலும் குற்றம். "மேனேஜ்மெண்ட் ஃபீஸ்", "பர்மிட் ரினியூவல்" என்று பே ஸ்லிப்பில் ஏதாவது வரி இருக்கிறதா என்று பழைய சீட்டுகளையும் பாருங்கள்.

ஜூரோங் ஈஸ்ட்

பர்மிட் முடிய மூன்று மாதம்தானே. சத்தம் போடாமல் முடித்துவிட்டு, ஊருக்குப் போய் அங்கிருந்து மொத்தமாகக் கேட்டால் போகிறது.

சிராங்கூன் சாலை

ஜூரோங் ஈஸ்ட் அண்ணே, தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். நிறையப் பேர் பணத்தை இழப்பது இங்கேதான். வேலையில் இருக்கும்போது, பிரச்சினை வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து 6 மாதம்தான். ஒரு வருடத்துக்கு முந்தைய குறைபாடு மாதாமாதம் கையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஊரில் இருந்துகொண்டு சமரசப் பேச்சுக்கும் தீர்ப்பாயத்துக்கும் வந்து போவது பெரும்பாடு. விமானம் ஏறும் முன்பே கொடுக்க வேண்டும்.

போக வேண்டிய இடம் டி.ஏ.டி.எம். எனும் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணி. 1500 பெண்டிமியர் ரோட்டில், மனிதவள அமைச்சின் சேவை மையத்தில் இருக்கிறது. சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான ஆன்லைன் அடையாளக் கணக்கு) இருந்தால் ஆன்லைனிலும் போடலாம். முதலில் கம்பெனியையும் உங்களையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். ஒத்துவந்தால் ஒப்பந்தம் எழுதுவார்கள். அதில் எவ்வளவு தொகை, எந்தத் தேதியில், எந்த வங்கிக் கணக்கில் என்று மூன்றும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். 4 வாரத்துக்குள் அந்த ஒப்பந்தத்தை மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்தால் கம்பெனி பணம் தராதபோது நீதிமன்ற உத்தரவைப் போலவே அமலாக்கலாம். பதிவு செய்யாமல் விட்டுவிட்டுப் பிறகு திண்டாடுகிறவர்கள் உண்டு.

ஒத்துவராவிட்டால் ஒரு பரிந்துரைச் சான்றிதழ் தருவார்கள். அது கிடைத்த 4 வாரத்துக்குள் வேலைவாய்ப்பு உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் பதிய வேண்டும். அங்கே இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. உங்கள் காகிதங்கள்தான் உங்களுக்காகப் பேசும்.

கணக்குப்பிள்ளை

காகிதம் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐ.பி.ஏ. நகல், எல்லா பே ஸ்லிப்பும், வங்கிக் கணக்கு விவரம். இவற்றைவிட முக்கியம், நீங்களே எழுதிய நேரக் குறிப்பு. சின்ன நோட்டு போதும். தேதி, சைட் பெயர், வேலை தொடங்கிய நேரம், சாப்பாட்டு இடைவேளை, முடித்த நேரம், யார் சூப்பர்வைசர். அன்றன்று எழுத வேண்டும். ஒரே பேனாவில் ஒரே மூச்சில் ஆறு மாதத்தை எழுதியது பார்த்ததுமே தெரியும், அதற்கு மதிப்பில்லை. டைம் கார்டை வாரக் கடைசியில் படம் எடுத்து ஊரில் நம்பிக்கையானவருக்கு அனுப்பிவிடுங்கள், கைபேசி தொலைந்தாலும் இருக்கும். வெற்றுச் சம்பள வவுச்சரில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். கட்டாயப்படுத்தினால் தாளைப் படம் எடுத்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் அன்றைய தேதியையும் எழுதுங்கள்.

துவாஸ் கம்பி

மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. புகார் கொடுத்தால் பர்மிட்டை கேன்சல் செய்துவிடுவார்களே? இன்னொன்று, ஏ.டி.எம். கார்டு ஆபீசில் இருக்கிறது. சம்பள நாளில் அவர்களே எடுத்துக் கையில் தருகிறார்கள்.

சிராங்கூன் சாலை

கேன்சல் செய்யலாம். ஆனால் புகார் நிலுவையில் இருக்கும்போது அமைச்சு சிறப்பு அனுமதி கொடுத்து உங்களை இங்கே தங்க வைக்க முடியும், அதுவரை தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனியின் பொறுப்பு. திடீரென்று விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனால், குடிநுழைவுச் சோதனையில் அதிகாரியிடம் "சம்பளப் பாக்கி இருக்கிறது, எம்.ஓ.எம். (மனிதவள அமைச்சு) போக வேண்டும்" என்று சொல்லுங்கள். வாசலைத் தாண்டும் முன் சொல்ல வேண்டும். வேறு கம்பெனி பார்ப்பதாக இருந்தால், பர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை உள்ள இடைவெளியில் இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே மாறலாம். அந்தத் தேதிகளை இன்றே குறித்து வையுங்கள்.

கார்டு விஷயம் எனக்குக் கவலையாக இருக்கிறது. 2020 ஜூலை 1 முதல் விடுதியில் தங்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும். கார்டை அவர்கள் வைத்துக்கொண்டால் முழுச் சம்பளமும் கொடுத்ததாகக் கணக்கு விவரம் சாட்சி சொல்லும், எடுத்த பணம் முழுதும் உங்கள் கைக்கு வந்ததா என்பதற்கு சாட்சி இருக்காது. கடவுச்சீட்டோடு நேராக வங்கிக் கிளைக்குப் போங்கள். கார்டை முடக்கி, புதியது வாங்கி, பின் நம்பரை மாற்றி, கணக்கில் பதிந்த கைபேசி எண் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். அப்படியே கடந்த 12 மாதக் கணக்கு விவரத்தை அச்செடுத்து, ஒவ்வொரு மாதமும் கையில் வந்த தொகையைப் பக்கத்தில் எழுதுங்கள். கடவுச்சீட்டும் ஆபீசில்தான் என்றால் அதுவும் குற்றம், புகாரில் சேருங்கள்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. தமிழில் பேசலாமா என்று எடுத்தவுடன் கேளுங்கள்.