எரென்ஹோட் வந்து சேர்ந்துவிட்டோம்: டாடோங் போனவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ரஷ்யாவின் இர்குட்ஸ்கில் ரயிலேறி, உலான்பாத்தரில் தங்கி, கோபிப் பாலைவனம் தாண்டி இன்று காலை சீன எல்லை ஊரான எரென்ஹோட்டுக்கு வந்துவிட்டோம். கூட அம்மாவும் இருக்கிறார், வயது அறுபத்தைந்து. மங்கோலியத் தண்டவாளம் 1,520 மில்லிமீட்டர் அகலம், சீனாவில் 1,435. அதனால் கொட்டகைக்குள் பெட்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, நாங்கள் உள்ளே இருக்கும்போதே அடியில் சக்கரத் தொகுதியை மாற்றினார்கள். அம்மா ஜன்னலை விட்டு நகரவே இல்லை. கழிவறையைப் பூட்டிவிடுவார்கள், வயதானவர்களோடு வருபவர்கள் முன்கூட்டியே போய்விட்டு வருவது நல்லது.

இனி பெய்ஜிங். நடுவே டாடோங்கில் இறங்கி யுன்காங் குகைகளைப் பார்க்க ஆசை. ஐந்தாம் நூற்றாண்டு புத்தர் சிலைகள், இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடமுடியாது. குகைகளில் படி அதிகமா? அம்மாவுக்கு முழங்கால் வலி.

அடுத்தது சாப்பாடு, இதுதான் பெரிய கவலை. அம்மா சுத்த சைவம். அந்தப் பக்கத்தில் மாவு உருண்டையைக் கத்தியால் சீவிப் போடும் நூடுல்ஸ் பிரபலம், ஆனால் குழம்பு பெரும்பாலும் பன்றி இறைச்சி. கறிச்சாறே இல்லாமல் கேட்டால் செய்து தருவார்களா? கடைக்காரரிடம் காட்ட, சீன எழுத்தில் எழுதிய சீட்டு யாரிடமாவது இருந்தால் படம் போடுங்கள்.

அலிபேயில் (சீனாவில் கைபேசியில் பணம் செலுத்தும் செயலி) இந்திய வங்கி அட்டையை இணைத்தவர்கள், எந்த வகை அட்டை வேலை செய்தது என்றும் சொல்லுங்கள். கையில் யுவான் கொஞ்சம்தான் இருக்கிறது. நாளை மதியத்துக்குள் டிக்கெட் எடுக்க வேண்டும்.