கன்ட்ரோல் ஏ: டேலியில் தெய்வம், வேர்டில் எமன்?

நூல்கணக்கு (திருப்பூர்):
தினசரி வேலையில் எந்தக் கீபோர்டு ஷார்ட்கட் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி இருக்கும்? பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிற என் ஓட்டு கன்ட்ரோல் ஏ-வுக்கு. டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் எஃப்8 தட்டினால் சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். பாதி பில்லில் புதுப் பார்ட்டி வந்தால் ஆல்ட் சி, அவர் பேரில் லெட்ஜரை, அதாவது தனிக் கணக்கை, அங்கேயே போட்டுக்கொள்ளலாம். கடைசியில் கன்ட்ரோல் ஏ, வவுச்சர் (அந்தப் பில்லின் பதிவு) சேவ். மவுஸைத் தேய்த்துத் தேய்த்துப் பில் போடுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும்.

மஞ்சள்மண்டி (ஈரோடு):
தம்பி, அதே கன்ட்ரோல் ஏ-தான் போன மாசம் எனக்கு வேர்த்து ஊற்ற வைத்தது. நாள் முழுக்க டேலி. சாயங்காலம் வேர்டில் ஒரு பார்ட்டிக்கு ரேட் எழுதினேன், இரண்டு பக்கம். முடித்ததும் கை தானாகக் கன்ட்ரோல் ஏ தட்டியது. வேர்டில் அது சேவ் இல்லை, மொத்தத்தையும் செலக்ட் செய்துவிடும். கடிதம் முழுக்கச் சாம்பல் பூத்தது. அதைப் பார்க்காமல் பழக்கதோஷத்தில் என்டரும் தட்டிவிட்டேன். இரண்டு பக்கமும் காணோம், வெறும் வெள்ளையில் ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது. கன்ட்ரோல் இசட்தான் மீட்டுக் கொடுத்தது. என் ஓட்டு அதற்கு.

நூல்கணக்கு:
அது கையின் குற்றமுங்க அண்ணா, கீயின் குற்றமில்லை.

மஞ்சள்மண்டி:
கையைக் கெடுத்ததே அந்தக் கீதானுங்களே! வேர்டில் பழகிய பையனை டேலியில் உட்கார வைத்துப் பாருங்கள். நரேஷனை, அதாவது வவுச்சரில் எழுதும் குறிப்பை, மொத்தமாக அழிக்கலாம் என்று அவன் கன்ட்ரோல் ஏ தட்டுவான், வவுச்சரே சேவ் ஆகிவிடும்.

தறிச்சத்தம் (கரூர்):
விண்டோஸ் கீயோடு வி தட்டுகிற விண்டோஸ் வி-யை யாருமே சொல்லவில்லையே? 2018-இல் விண்டோஸ் 10-இல் வந்தது. கன்ட்ரோல் வி கடைசியாகக் காப்பி செய்ததை மட்டும்தான் ஒட்டும். விண்டோஸ் வி தட்டினால் 25 வரை வரிசையாக நிற்கும். முதல் தடவை மட்டும் ஆன் செய்யச் சொல்லும். பையர் மெயிலிலிருந்து பி.ஓ. (ஆர்டர்) நம்பர், டிசைன் நம்பர், டெலிவரி தேதி மூன்றையும் ஒரே மூச்சில் எடுத்து எக்ஸெல்லில் போடுகிறேன். முன்பெல்லாம் இரண்டு விண்டோவுக்கும் நடுவே தறி நாடா மாதிரி ஓடிக்கொண்டிருப்பேன்.

மஞ்சள்மண்டி:
அம்மிணி, எங்கள் ஆபீஸில் ஒரே கம்ப்யூட்டர், ஒரே லாகின், மூன்று பேர். நான் பேங்க் பாஸ்வேர்டைக் காப்பி செய்தால், அடுத்து உட்காருகிறவர் விண்டோஸ் வி தட்டிப் படித்துவிடலாம்.

தறிச்சத்தம்:
ரீஸ்டார்ட் செய்தால் பின் பண்ணி வைத்ததைத் தவிர மற்றதெல்லாம் போய்விடும் அண்ணா.

மஞ்சள்மண்டி:
எங்கள் ஆபீஸில் கரண்ட் போனால்தான் ரீஸ்டார்ட்!

தறிச்சத்தம்:
அந்த வரிசையிலேயே கிளியர் ஆல் இருக்கிறது, தட்டிவிட்டு எழுந்திருங்கள். ஆனால் பாஸ்வேர்டைக் காப்பி செய்வதே தப்பு, அதற்கு ஷார்ட்கட்டைத் திட்டக்கூடாது. அப்புறம், மவுஸைக் கேலி செய்த தம்பிக்கு ஒன்று: வெட்டி ஒட்டுகிற வசதியை 1970-களில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் உருவாக்கிய லாரி டெஸ்லர் மவுஸ் ஆசாமிதான்.

நூல்கணக்கு:
சரிங்க, மவுஸை விட்டுவிடுகிறேன். கன்ட்ரோல் ஏ-வை விடமாட்டேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், யாரும் சிரிக்கக்கூடாது. இதே பதிலை ஒருதரம் நீளமாக அடித்து, முடிந்ததென்று கன்ட்ரோல் ஏ, என்டர் தட்டினேன். நீங்கள் படிப்பது இரண்டாவது தடவை அடித்தது. கன்ட்ரோல் இசட் அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை.